ஏழாம் குழியின் ஈரம்

பாலைவனத்துச் சிற்றூரான போஸோ சலாதோவிலிருந்து செவ்வாய்க் கிரகம் மூன்றே கிலோமீட்டர். நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போனால் முதலில் தாகத்தில் செத்தவளின் குட்டிக் கோயில் வரும். அதற்கு எதிரே, உப்புப் பொரிந்த வெட்டவெளியில், வெள்ளை பெயின்ட் அடித்த பழைய கண்டெய்னர் ஒன்று நிற்கும். அதுதான் செவ்வாய். உள்ளே பலகைக் கட்டில் ஐந்து, மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று, தராசு ஒன்று, தண்ணீர்ப் பீப்பாய் ஒன்று. புதன்கிழமை காலை எட்டு மணிக்கு லொரேத்தோ டீச்சர் ஐந்து பிள்ளைகளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். சனிக்கிழமை காலையில்தான் திறப்பாள். அதுவரை பிள்ளைகள் வெளியே வருவதென்றால், தகரமும் துணியும் வைத்துத் தைத்த அந்த விண்வெளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, மண் தோண்டிச் சோதிக்க மட்டும்தான் வரலாம்.

பூமி எங்கே என்றால், அது மிர்த்தாவின் சாப்பாட்டுக் கடை. லாரிக்காரர்கள் பேசிக்கொள்ளும் ரேடியோவுக்கு உயரமான ஆண்டெனா அந்த ஊரிலேயே அவள் கூரையில்தான் இருந்தது. டீச்சர் வந்து கேட்டபோது, "எடுத்துக்கோங்க, ஆனா அடுப்படிக்குள்ள மட்டும் கால் வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். அதனால் ஒரு பக்கம் ஓட்டுநர்கள் பீன்ஸும் நூடுல்ஸும் போட்ட சாறை உறிஞ்சிக்கொண்டிருக்க, மறு பக்கம் ஒரு மேசையில் வரைபடமும் அலாரம் கடிகாரமும் வைத்துப் பூமி இயங்கியது.

கடிகாரம் எதற்கென்றால், செவ்வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துசேரப் சுமார் பத்து நிமிஷம் ஆகுமாம். ரேடியோ அப்படிக் காத்திருக்குமா? அதனால் டீச்சர் ஒரு வழி பண்ணியிருந்தாள். ரேடியோவைச் சாமான் அறைக்குள் வைத்து, மிர்த்தாவின் சிநேகிதி செலாவைக் காதுக் கருவியோடு உட்காரவைத்தாள். பிள்ளைகள் சொல்வதைச் செலா தாளில் எழுதவேண்டியது. தாளைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்து, மேலே சர்க்கரைக் கிண்ணத்தை வைக்கவேண்டியது. பத்து நிமிஷம் கழித்துக் கடிகாரம் அடித்தபிறகுதான் டீச்சர் அதை எடுத்துப் படிப்பாள். பூமியிலிருந்து போவதற்கும் அதே சட்டம்.

செலாவைப் பிடித்து இந்த வேலையில் போட்டாளே டீச்சர், அதைத்தான் ஊரே சொல்லிச் சிரித்தது. கேட்ட செய்தியை ஒரு நிமிஷம்கூட வாய்க்குள் அடக்கத் தெரியாதவள் அவள். மிர்த்தாவின் மகள் தானிட்சாவுக்கு அவள்தான் ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரை ஒருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"என்ன கொமாத்ரே, உதட்டைக் கடிச்சிட்டு நிக்கிற? என்ன சொன்னாங்க பிள்ளைங்க?" என்று மிர்த்தா முதல் நாளே கேட்டாள்.

"கேக்காத. பத்து நிமிஷம் என்கிட்ட பேசாத. எனக்குக் கழுத்தெல்லாம் வலிக்குது."

"நல்ல சேதியா, கெட்ட சேதியா, அதையாவது சொல்லேன்."

"பாவி, என் மூஞ்சியப் பாக்காதடி! திரும்பி நில்லு!"

கடிகாரம் அடித்தது. டீச்சர் படித்தாள். 'நாலாம் குழி. மண் காய்ஞ்சிருக்கு. உப்பு நிறைய. மதியத்துக்கு ரொட்டி தின்னோம்.' அவ்வளவுதான். இதற்கா இத்தனை பாடு என்று ஓட்டுநர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

சிரிப்புக்கு நடுவிலும் விஷயம் விளையாட்டில்லை. ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு மேல் கிடையாது. அந்தோஃபகஸ்தா பல்கலைக்கழகம் ஒரு விடுதிப் பள்ளி நடத்துகிறது. பாலைவனத்துப் பள்ளிகளுக்கெல்லாம் இந்த விண்வெளிப் பயணத்தை வைத்து, தேறுகிற பள்ளிக்கு ஓர் இடம் கொடுப்பார்கள். உள்ளே இருக்கும் ஐந்து பேரில் தானிட்சா ஒருத்திதான் எட்டாவது. இடம் கிடைத்தால் மார்ச் மாதம் அவள் அந்தோஃபகஸ்தா போவாள். கிடைக்காவிட்டால் கலாமாவில் அவள் அப்பா ஒவீதியோவின் அக்காள் வைத்திருக்கும் துணிக்கடையில் போய் நிற்கவேண்டியதுதான். மிர்த்தாவும் எட்டாவதோடு நின்றவள். நின்ற நாளிலிருந்து அடுப்பின் முன்னாலேயே நிற்கிறாள்.

சோதிப்பதற்கு டாக்டர் இத்துர்ரா வந்திருந்தார். மண் படித்தவர். ஒல்லியான மனிதர், தொப்பியைச் சாப்பிடும்போதும் கழற்றமாட்டார். வெட்டவெளியில் பன்னிரண்டு இடங்களைக் குறித்துக் கொடிக் கம்பி நட்டுவைத்தவர் அவர்தான். பிள்ளைகள் ஒவ்வொரு இடத்திலும் தோண்டி, மண்ணை நிறுத்து, வாணலியில் வறுத்து, மறுபடி நிறுத்து, எவ்வளவு ஈரம் போயிற்று என்று சொல்லவேண்டும். இரண்டு ஆணி, ஒரு பேட்டரி, முள் ஆடுகிற ஒரு மீட்டர் இவற்றை வைத்து மண்ணில் எவ்வளவு உப்பு என்றும் சொல்லவேண்டும். மண் வேலை தானிட்சாவின் பொறுப்பு.

இனி மிர்த்தா செய்த காரியத்துக்கு வருவோம்.

தாகத்தில் செத்தவளைப் பற்றி அந்தச் சாலையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கைப்பிள்ளையோடு பாலைவனத்தில் நடந்து, தண்ணீரில்லாமல் செத்துப்போனாள். பிள்ளை மட்டும் அவள் மார்பில் பால் குடித்தபடி உயிரோடு கிடந்தது. அவளுக்குக் கோயில் கட்டி, போகிற வருகிற ஓட்டுநர்கள் பாட்டிலில் தண்ணீர் வைத்துவிட்டுப் போவார்கள். மிர்த்தா பாட்டில் வைக்கமாட்டாள். "மூடி போட்ட பாட்டிலை வெச்சா செத்தவ எப்படித் திறப்பா? கைய நீட்டி வாங்கிக் குடிப்பாளா?" என்பாள். அவள் தரையில்தான் ஊற்றுவாள். மூன்று வாயாகக் கொட்டுவாள். கடைசிக் கையளவைப் பிறைபோல வளைத்து வீசுவாள். பதினாலு வருஷமாக இந்தப் பழக்கம். பிரசவ வலி எடுத்தபோது ஒவீதியோ தன் தண்ணீர் லாரியிலேயே அவளைக் கலாமா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனான். கோயில் எதிரே வண்டி வந்தபோது பிள்ளை பொறுக்கவில்லை, அங்கேயே பிறந்துவிட்டது. அன்றைக்கு நேர்ந்துகொண்டது அது. அந்தத் தண்ணீர்க் கேனைத் தூக்கக் கூடவே போய் வளர்ந்தவள்தான் தானிட்சா.

பீப்பாயில் இருப்பது மூன்று நாளைக்கு ஐந்து பேருக்கு என்று டீச்சர் கணக்குச் சொன்னபோதே மிர்த்தாவுக்குத் தொண்டை வறண்டது. மகள் அளந்து குடிக்கும்போது தனக்கு மட்டும் என்ன என்று புதன்கிழமையிலிருந்து அவளும் நாளைக்கு இரண்டு கோப்பைக்கு மேல் குடிக்கவில்லை. ஆனாலும் மனசு அடங்கவில்லை. வியாழக்கிழமை விடிகாலையில், வெயில் ஏறுமுன், இரண்டு பத்து லிட்டர் கேன்களைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

போனால், செவ்வாயின் எல்லையாக டாக்டர் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது கோயில். கண்டெய்னர் ஜன்னலும் அதைப் பார்த்தே இருந்தது. கோட்டைத் தாண்டி ஆள் தெரிந்தால் பயணமே ரத்து என்று டீச்சர் எச்சரித்திருந்தாள். மிர்த்தா யோசித்தாள். சுற்றிக்கொண்டு கோயிலின் பின்பக்கமாக, ஒரு பள்ளத்துக்குள் இறங்கினாள். அங்கிருந்து ஜன்னல் தெரியாது. தண்ணீரைத் தேடிச் செத்தவளுக்கு இருபது அடி தள்ளி ஊற்றினால் கண்டுபிடிக்கத் தெரியாதா என்ன? மூன்று வாயாக ஊற்றினாள். கடைசியை வளைத்து வீசினாள். "என் பிள்ளைக்குத் தாகம் எடுக்காம பாத்துக்கோ" என்றாள். தரை கல்லாய் இறுகிய உப்பு. காலடி ஒன்றுகூடப் பதியவில்லை. வீட்டுக்கு வந்து மாவு பிசைய உட்கார்ந்தாள்.

முதல் நாள் மதியக் காற்றில் ஏழாம் நம்பர் கொடிக் கம்பி சாய்ந்து, அந்தப் பள்ளத்தின் ஓரப் புழுதியில் மூடிக் கிடந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்குக் கொடி தேவையில்லை. வரைபடத்தைப் பார்த்து, அடி அளந்து, சரியாக அங்கேயே வந்து நின்றார்கள்.

மதியம் ஒரு மணிக்குச் செலா தாளோடு வெளியே வந்தாள். அவள் மூஞ்சியைப் பார்த்தவுடனே எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். தாளைக் கவிழ்த்துச் சர்க்கரைக் கிண்ணத்தை வைத்தாள். சால்வை நுனியை எடுத்து வாயில் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பத்து நிமிஷம் கழித்துக் கடிகாரம் அடித்தது.

டீச்சர் படித்தாள்: "பூமிக்கு செவ்வாய். ஏழாம் குழி. ஒரு சாண் ஆழத்துல மண் ஈரமா இருக்கு. இருநூறு கிராம் எடுத்து வறுத்தோம். வறுத்த பிறகு நூத்தி எண்பது. தராசு தப்போன்னு இன்னொரு தடவ எடுத்து வறுத்தோம். நூத்தி எண்பதுதான். தானிட்சா."

"தண்ணிடா! செவ்வாய்ல தண்ணிடா!" என்று ஓர் ஓட்டுநர் எழுந்து குதித்தான்.

"ஒவீதியோ, உன் பொழப்பு போச்சு! லாரிய வித்துரு!"

"விக்கிறதா? அங்க கொண்டுபோய் ஓட்டுறேன், ஊத்துக்குப் பக்கத்துலயே லோடு அடிக்கலாம்!" என்று ஒவீதியோவும் சேர்ந்து கூத்தடித்தான். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிர்த்தா அகப்பையோடு அடுப்படி வாசலில் நின்றாள். பள்ளத்து உப்பும், கேன் வாயும், கடைசிக் கை வீச்சும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

டாக்டர் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்தார்.

"இந்த ஊர்ல கடைசியா மழை எப்ப பேஞ்சுது?"

"என் கல்யாணத்தப்போ நாலு தூறல் போட்டுது டாக்டர். சட்டைகூட நனையல" என்றான் ஒவீதியோ.

"ஊத்துத் தண்ணி நாப்பது மீட்டர் கீழ. ஒரு சாண்ல ஈரம் எப்படி வரும்? யாரோ ஊத்தியிருக்கணும். லொரேத்தோ, நான் நேராவே கேக்குறேன். பிள்ளைங்க பீப்பாய்த் தண்ணியக் கொட்டி ஜோடிக்கிறாங்களா?"

"டாக்டர்! என் பிள்ளைங்க அப்படிப்பட்டவங்க இல்ல!"

"ஜோடிச்சிருந்தா இந்தப் பள்ளிக்கூடத்தோட பேரையே அடிச்சிருவேன். வேற பேச்சே கிடையாது." கைகழுவ எழுந்தார்.

மிர்த்தா பின்வாசல் வழியாக ஓடினாள். ஒவீதியோ லாரியிலிருந்து குழாயை இழுத்து வீட்டுத் தொட்டிக்கு விட்டுக்கொண்டிருந்தான்.

"கிழவா, அத நிறுத்து. இங்க வா."

"என்னடி கிழவி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? மக தண்ணி கண்டுபிடிச்சிருக்கா. சிரிடி."

"அவ கண்டுபிடிச்சது நான் ஊத்துன தண்ணி."

அவன் குழாயைக் கீழே விட்டான். தண்ணீர் காலைச் சுற்றி ஓடியது. அந்த ஊரில் தண்ணீரைத் தரையில் விட்டுவிட்டு நிற்பவன் எவனும் கிடையாது. ஒவீதியோ நின்றான்.

"எப்போ?"

"இன்னிக்கு விடியக்காலம். செத்தவளுக்கு. கோயிலுக்குப் போக முடியல, பள்ளத்துல ஊத்திட்டேன். அதுதான் ஏழாம் குழின்னு எனக்கென்ன சாமி வந்து சொல்லிச்சா?"

"அடி என் ராசாத்தி..." அவன் குனிந்து குழாயை எடுத்து அடைத்தான். "எத்தன லிட்டர்?"

"இருபது."

"இருபதா! நீ ரெண்டு நாளா சொட்டுச் சொட்டா குடிக்கிற, மண்ணுக்கு இருபது லிட்டரா?"

"கணக்கு பாக்குற நேரமா இது? இப்ப என்ன பண்ணட்டும், சொல்லு."

"வாயத் திறக்காத. நாலு நாள்ல எல்லாம் அடங்கிரும்."

"அடங்குமா? என் பிள்ளைய ஜோடிச்சவன்னு சொல்லிட்டுப் போவார் அந்த மனுஷன். அவ பொய்க்காரின்னு பேர் வாங்குறதுக்குப் பதிலா அவ ஆத்தா பைத்தியக்காரின்னு பேர் வாங்கிட்டுப் போறேன்."

"பைத்தியக்காரின்னு உனக்குப் புதுசா பேர் வேணுமா?" என்று ஒவீதியோ சொன்னான். ஆனால் குரலில் கிண்டல் இல்லை. ஈரக் கையால் அவள் தோளைத் தட்டினான். "போ. போய்ச் சொல்லிரு. நானும் வர்றேன்."

"நீ வராத. நீ வந்தா பேச்சு உன் பேச்சா ஆயிரும்."

டாக்டர் பாத்திரம் கழுவும் தொட்டியருகே ஒரு கோப்பைத் தண்ணீரில் இரண்டு கையையும் கழுவிக்கொண்டிருந்தார். பாலைவனத்து மனிதர்தான், பழக்கம் தெரிந்தது. மிர்த்தா துண்டை நீட்டினாள்.

"டாக்டர், பிள்ளைங்க மேல குத்தம் இல்ல. ஊத்தினது நான்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பிரசவம், நேர்ச்சை, கைவண்டி, பள்ளம். ஏன் பாட்டில் வைக்காமல் ஊற்றுகிறாள் என்பதையும் விடவில்லை. மூடியை எப்படித் திறப்பாள் என்ற இடத்தில் அவர் உதடு கொஞ்சம் அசைந்தது.

"சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினீங்களா?"

"சத்தியமா இல்ல. பின்னாடி பள்ளத்துக்குக் கோடே போடலையே நீங்க."

"அது என் தப்புதான்." தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டார். "பிள்ளைங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க அனுமதிச்சா இப்பவே ரேடியோவுல சொல்லிட்டா..."

"கூடாது."

"ஏன் டாக்டர்?"

"செவ்வாய்ல ஈரத்தப் பாத்தா, 'அது நான் ஊத்தினது கண்ணு'ன்னு யாராவது வந்து சொல்லுவாங்களா? மண்ணு மட்டும்தான் இருக்கும். மண்ணு சொல்றத அவங்களாத்தான் படிக்கணும். நாளைக்கு சாயங்காலம் கடைசி அறிக்கை வரும். ஈரம் எப்படி வந்துதுன்னு சரியாச் சொன்னா இடம் உண்டு. ஊத்துன்னு எழுதினா கிடையாது."

"நான் பண்ணின தப்புக்கு என் பிள்ளைக்குப் பரீட்சையா? இது நியாயமா?"

"தோன்யா மிர்த்தா," என்று மரியாதையோடு அழைத்தார். "நான் வெச்ச பன்னெண்டு குழியும் காஞ்ச குழி. காஞ்சிருக்குன்னு சொல்ல யாருக்கும் தெரியும். நீங்க வெச்சது நல்ல கேள்வி. எனக்கே தோணல." துண்டை மடித்து அவள் கையில் கொடுத்தார். "வெளிய யாருகிட்டயும் சொல்லாதீங்க. முக்கியமா அந்த ரேடியோ அம்மாகிட்ட."

அன்று சாயங்காலம் இரண்டு தாள் வந்தது. முதலாவது பிளாதிமிர் சொன்னது. ஏழாவது படிக்கிறவன், பயணத்துக்குத் தலைவன். 'செவ்வாயில் ஊற்று கண்டுபிடிக்கப்பட்டது. இதற்கு என் பெயரை வைக்கலாமா என்று பூமியிடம் கேட்கிறோம்.' இரண்டாவதில் ஒரே வரிதான். 'நான் ஒத்துக்கல. நாளைக்கு இன்னும் தோண்டணும். தானிட்சா.'

"ரெண்டு பேரும் உள்ள சண்ட போடுறாங்க கொமாத்ரே" என்றாள் செலா, கடிகாரம் அடித்தபிறகு. "பிளாதிமிர் கத்துறான். 'தண்ணி இருந்தா இருக்குன்னு எழுது'ன்னு. இவ, 'எங்கருந்து வந்துச்சுன்னு தெரியாம எழுத மாட்டேன்'ங்கிறா. அப்படியே உன் பிடிவாதம். ஏன் நீ வெளிறிப்போய் நிக்கிற? சந்தோஷப்படேன்டி."

"சந்தோஷமாத்தான் இருக்கேன்" என்றாள் மிர்த்தா. மூன்று தட்டுகளைக் கழுவாமலே அடுக்கிவைத்துவிட்டு, மறுபடி எடுத்துக் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்குக் கை ஓடவில்லை. ரொட்டியில் உப்புப் போட மறந்தாள். ஓட்டுநர் ஒருவன் கடித்துவிட்டு, "மிர்த்தா, உப்பெல்லாம் செவ்வாய்க்கு அனுப்பிட்டியா?" என்றான். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவள், உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அவனே பயந்துபோனான். மிர்த்தாவுக்கு ஒரே நினைப்பு: தானிட்சா ஊற்று என்று எழுதிவிடுவாளோ? ஏன் எழுதமாட்டாள்? ஐந்து பிள்ளைகளில் நாலு பேர் ஊற்று என்கிறார்கள். பதினாலு வயசுப் பெண் எத்தனை நேரம் தனியாக நின்று மறுப்பாள்? தானே அந்த வயசில் எத்தனை நேரம் நின்றாள்? அப்பா 'போதும் படிச்சது' என்றபோது ஒரு வேளைச் சாப்பாடு வரைக்கும்தானே நின்றாள்?

இரண்டு மணிக்கு மதியக் காற்று எழுந்தது. தகரக் கூரை அடித்துக்கொண்டது. கதவிடுக்கு வழியாகப் புழுதி வந்து மேசையில் படிந்தது, மிர்த்தா துடைத்தாள், மறுபடி படிந்தது. காலையிலிருந்து ஒரு கோப்பைதான் குடித்திருந்தாள். ஒவீதியோ லோடுக்குப் போகாமல் வாசலிலேயே டயரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு டயரை எத்தனை தரம் தட்டுவான்?

நாலரைக்குச் செலா வெளியே வந்தாள். கையில் இரண்டு தாள். பெரியதை மேசையில் கவிழ்த்தாள். "ரெண்டாவது, அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்துச்சு. அது தனி" என்று சின்னதை இன்னொரு கிண்ணத்துக்கடியில் வைத்தாள். மிர்த்தாவை ஏறெடுத்துப் பார்க்கவே இல்லை. அதுதான் மிர்த்தாவைக் கொன்றது.

"கொமாத்ரே, என்னை ஒரு தடவ பாருடி."

"மாட்டேன்."

"கையக் காட்டியாவது சொல்லு."

"சட்டம் சட்டம்தான்" என்றாள் செலா. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை ஊர் அன்றைக்குத்தான் கேட்டது.

கடிகாரம் அடித்தது. டீச்சர் தாளைத் திருப்பினாள். டாக்டர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"பூமிக்கு செவ்வாய். கடைசி அறிக்கை. எழுதுறது தானிட்சா, அஞ்சு பேரும் ஒத்துக்கிட்டோம். பக்கத்துக் குழிங்கள்ல எல்லாம் மேல் மண்ணுலதான் உப்பு அதிகம், கீழ போகப் போகக் குறையுது. ஏழாம் குழியில தலகீழா இருக்கு. மேல உப்பே இல்ல. ரெண்டு சாண் கீழ, ஈரம் முடியுற இடத்துல, உப்பு மொத்தமா குமிஞ்சிருக்கு. அதுக்கும் கீழ தோண்டினோம். எலும்பு மாதிரி காய்ஞ்சிருக்கு. தண்ணி கீழருந்து ஏறியிருந்தா வெயில்ல காயும்போது உப்ப மேலதான் விட்டுட்டுப் போயிருக்கும். இங்க மேல இருந்த உப்பக் கரைச்சுக் கீழ இறக்கியிருக்கு. அதனால இது ஊத்து இல்ல. மேலருந்து விழுந்த தண்ணி. ஈரம் பரவின அகலத்தையும் ஆழத்தையும் அளந்து கணக்குப் போட்டா பதினெட்டுலருந்து இருபத்திரண்டு லிட்டர். மழையா இருந்தா மத்த குழியும் நனைஞ்சிருக்கும். அதனால யாரோ ஊத்தியிருக்காங்க. எங்க பீப்பாயில அளவு சரியா இருக்கு, எங்க தண்ணி இல்ல. செவ்வாய்ல தண்ணி கண்டுபிடிச்சோம்னு நாங்க சொல்ல மாட்டோம். பிளாதிமிருக்குக் கொஞ்சம் வருத்தம்."

ஓட்டுநர் ஒருவன், "அப்ப தண்ணி இல்லியா?" என்று ஏமாற்றமாகக் கேட்டான்.

டாக்டர் எழுந்து வந்து டீச்சர் கையிலிருந்து தாளை வாங்கி, மறுபடி தானே படித்தார். கடைசி வரிக்கு வந்தபோது சத்தமாகச் சிரித்தார். மூன்று நாளில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

"இருபது லிட்டர்தானே தோன்யா மிர்த்தா?"

"இருபதுதான் டாக்டர்."

"பதினெட்டுலருந்து இருபத்திரண்டு. என் காலேஜ்ல ரெண்டாம் வருஷப் பசங்க இத விட மோசமா அளக்குறாங்க." தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "மார்ச்ல வரும்போது கனமான போர்வை ஒண்ணு கொடுத்து அனுப்புங்க. விடுதி ஜன்னல் ஒண்ணுகூட ஒழுங்கா சாத்தாது, கடல் காத்து சும்மா விடாது."

மிர்த்தாவுக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். வாசலில் நின்ற ஒவீதியோ உள்ளே வரத் தெரியாமல், கடைசியாக ஒருமுறை டயரைத் தட்டிவிட்டு, அதன்மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டான். மிர்த்தாவுக்கு அழுகை வந்தது. அழ வெட்கப்படவில்லை அவள். நன்றாக அழுதாள்.

"இரு, இரு, இருபது லிட்டரா? அப்ப நெசமாவே நீதானா ஊத்தின?" என்று செலா கத்தினாள். "எனக்குத் தெரியாம இந்த ஊர்ல ஒரு விஷயமா? ரெண்டு நாளா என்கிட்ட மறைச்சியாடி பாவி! பத்து நிமிஷத்துக்கே எனக்கு உயிர் போச்சு!"

அப்போது கடிகாரம் இரண்டாவது தடவை அடித்தது. சின்னத் தாளை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள். டீச்சர் எடுத்துப் பார்த்துவிட்டு, படிக்காமல், மிர்த்தாவின் கையில் கொடுத்தாள். செலாவின் கோணல் எழுத்து.

'இது அறிக்கையில சேராது. எல்லாம் எழுதி முடிச்ச பிறகு ஏழாம் குழிய மூடப் போனேன். குழிக்கு ஒரு ஓரமா, உப்புத் தரையில, சொட்டுச் சொட்டாக் கரைஞ்ச தடம் இருந்துச்சு. பிறை மாதிரி வளைஞ்சிருந்துச்சு. அப்படி வீசுற ஆள் எனக்கு ஒருத்தரைத்தான் தெரியும். அம்மாகிட்ட சொல்லுங்க. எனக்குத் தாகம் எடுக்கல.'

மிர்த்தா அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு தொட்டியருகே போய், பெரிய கண்ணாடித் தம்ளரை எடுத்து வாய் தளும்ப நிறைத்து, நின்ற இடத்திலேயே ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்று நிறைத்தாள். அதையும் குடித்தாள். கழுத்தில் வழிந்தது, துடைக்கவில்லை.

"பதில் ஏதாவது அனுப்பணுமா தோன்யா மிர்த்தா?" என்று டீச்சர் கேட்டாள். "பத்து நிமிஷம் கழிச்சுத்தான் போகும்."

"போகட்டும். அவசரமில்ல." மிர்த்தா வெறும் தம்ளரைக் கவிழ்த்துவைத்தாள். "எனக்கும் எடுக்கலன்னு சொல்லிருங்க."